எமிலியின் ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் 'எ ரோஸ் ஃபார் எமிலி' சிறுகதையைப் படித்துவிட்டு நீங்கள் கேட்டவை மூன்று. கதையில் காலம் ஏன் இப்படி முன்னும் பின்னுமாகக் குழம்பிக் கிடக்கிறது? பேயும் இல்லை, மாயமும் இல்லை, அப்படியிருக்க இதை ஏன் கோதிக் கதை, அதாவது பாழடைந்த மாளிகையும் பழைய ரகசியமும் பயங்கரமும் கொண்ட கதை, என்கிறார்கள்? கடைசி வரி தரும் அதிர்ச்சியைக் கழித்துவிட்டால் இதில் வேறு என்னதான் மிச்சம்?

மூன்றாவது கேள்வியைப் பிடித்தால் மற்ற இரண்டும் தானாக அவிழும். சுருக்கமாக என் கருத்து: எமிலி ஒரு கொலை செய்கிறாள், அவள் ஊர் அதை நாற்பது ஆண்டுகள் தெரியாதது போலவே வைத்துக்கொள்கிறது. கதையை நமக்குச் சொல்வது அந்த ஊர்தான். காலத்தைக் கலைத்துப் போடுவதும் அதே ஊர்தான்.

முதலில் நடந்தது நடந்த வரிசையில். (இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) மிசிசிப்பி மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற கற்பனை ஊர். அங்கே கிரியர்சன் என்ற பழைய, தலைக்கனம் பிடித்த குடும்பம். மகள் எமிலியைத் தேடி வந்த இளைஞர்களையெல்லாம் அப்பா விரட்டிவிடுகிறார். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா இறக்கிறார், வீட்டைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மூன்று நாள், "அப்பா சாகவில்லை" என்கிறாள். பலவந்தமாகப் பிணத்தை எடுக்க ஊர் தயாரான பிறகுதான் உடைந்து அழுகிறாள்.

அடுத்து வரும் கோடையில், நடைபாதை போட வந்த கம்பெனியின் மேஸ்திரி ஹோமர் பாரன் அவளுக்குப் பழக்கமாகிறான். வடக்கத்திக்காரன், பெரிய குரல்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சள் சக்கரம் போட்ட வாடகைக் குதிரை வண்டியில் இருவரும் ஊரைச் சுற்றுகிறார்கள். ஊர்ப் பெண்கள் பாதிரியாரை ஏவுகிறார்கள். அவர் ஒரு முறை போய்விட்டு வந்து, அங்கே நடந்ததை யாரிடமும் சொல்லாமல், இனி போக மாட்டேன் என்கிறார். அவர் மனைவி அலபாமாவில் உள்ள உறவுக்காரப் பெண்களுக்குக் கடிதம் போட்டு வரவழைக்கிறாள். அவர்கள் இருக்கும்போதுதான் எமிலி மருந்துக்கடைக்குப் போய் ஆர்சனிக் வாங்குகிறாள். ஹோ.பா. என்று முதலெழுத்து பொறித்த வெள்ளி ஒப்பனைச் சாமான்கள், இரவு உடை உட்பட ஆண் உடுப்பு ஒரு முழு செட், இவையும் வாங்குகிறாள். ஹோமர் ஊரைவிட்டுப் போகிறான்; உறவுக்காரர்கள் கிளம்புகிறார்கள்; மூன்று நாளுக்குள் ஹோமர் திரும்பி வருகிறான். ஒரு மாலை இருட்டும் நேரத்தில் அவன் சமையலறைக் கதவு வழியாக உள்ளே போவதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வீட்டிலிருந்து நாற்றம் எழுகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து எமிலி இறந்ததும் மாடியில் பூட்டிக் கிடந்த அறையை உடைத்துத் திறக்கிறார்கள்: கட்டிலில் ஹோமரின் சிதைந்த உடல், பக்கத்துத் தலையணையில் ஒரு நீண்ட நரைமுடி.

இப்படி வரிசையாகச் சொன்னால் இதில் புதிர் என்று ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? விஷம், காணாமல் போன ஆள், நாற்றம். பத்து வயதுப் பிள்ளைகூடக் கூட்டிச் சொல்லிவிடும்.

ஆனால் ஃபாக்னரின் கதைசொல்லி நாற்றத்தை இரண்டாம் பகுதியிலேயே சொல்லிவிடுகிறான். விஷம் வருவது மூன்றாம் பகுதியின் முடிவில். ஹோமர் மறைவது நான்காம் பகுதியில். அதாவது விளைவு முதலில், காரணம் பிறகு, செத்த ஆள் கடைசியில். நாற்றத்தைச் சொல்லும் இடத்தில் கூடவே ஒரு விளக்கமும் வருகிறது: காதலன் கைவிட்டுப் போன கொஞ்ச காலத்தில் நடந்தது என்று. அந்தக் காதலன் யார் என்றே நமக்கு இன்னும் தெரியாது. கைவிட்டுப் போனான் என்பதை அப்படியே நம்பிவிடுகிறோம். ஓர் ஆண் வேலையாள் சமையலறையைப் பார்த்துக்கொண்டால் இப்படித்தான் நாறும் என்று பெண்கள் சொல்கிறார்கள். எண்பது வயது நீதிபதி ஸ்டீவன்ஸ், வேலைக்காரன் முற்றத்தில் அடித்துப் போட்ட பாம்போ எலியோ இருக்கும் என்கிறார். ஒரு பகுதி தள்ளி, ஆர்சனிக் டப்பாவின் மேல் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருப்பது 'எலிகளுக்கு'. இரண்டு எலிகளையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. நடுவில் வேறு வம்பு நிறையப் பேசி நம் கவனத்தைக் கலைத்துவிட்டார்கள்.

அந்த மருந்துக்கடைக் காட்சியை இன்னொரு முறை படியுங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், சட்டம் அப்படி என்கிறார் கடைக்காரர். எமிலி பதிலே சொல்லாமல் அவர் கண்ணைப் பார்க்கிறாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போகிறார். திரும்பி வரவில்லை, பொட்டலத்தை ஒரு பையன் கொண்டுவந்து கொடுக்கிறான். 'எலிகளுக்கு' என்று எமிலி சொல்லவே இல்லை. சட்டம் கேட்கும் பொய்யை அவளுக்காக எழுதிக் கொடுப்பது கடை. கதையின் முழு இயக்கமும் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஊரும் இதையேதான் திரும்பத் திரும்பச் செய்கிறது. கர்னல் சார்ட்டோரிஸ் மேயராக இருந்தபோது, 1894இல், எமிலிக்கு வரி வேண்டாம் என்று விலக்கு கொடுக்கிறார். தானமாகக் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள். அதனால், உங்கள் அப்பா ஊருக்குக் கடன் கொடுத்திருந்தார், அதை இப்படித் திருப்பித் தருகிறோம் என்று ஒரு கதை கட்டுகிறார். நாற்றம் வந்தபோது, ஒரு சீமாட்டியின் முகத்துக்கு நேரே உன் வீடு நாறுகிறது என்று சொல்ல முடியுமா என்று நீதிபதி சீறுகிறார். விளைவு, நான்கு ஆண்கள் நள்ளிரவுக்கு மேல் திருடர்களைப் போலத் தோட்டத்துக்குள் புகுந்து நிலவறைக் கதவை உடைத்துச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். அவர்கள் திரும்பும்போது, இருண்டிருந்த சன்னல் ஒன்றில் வெளிச்சம். எமிலி சிலை போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டொரு வாரத்தில் நாற்றம் போய்விடுகிறது. சுண்ணாம்பு எதற்குத் தூவுவார்கள் என்பது விவசாய ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன?

இப்போது 'நாங்கள்' என்று பேசும் அந்தக் குரலுக்கு வருவோம். பெயர் இல்லை, வயது இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை. எமிலி இளம்பெண்ணாக இருந்ததும் அந்தக் குரலுக்குத் தெரியும், எழுபத்து நான்கு வயதில் செத்ததும் தெரியும். ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் அந்த 'நாங்கள்' எங்கே 'அவர்கள்' ஆகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். அனுதாபப்படும்போது, வேடிக்கை பார்க்கும்போது, வம்பளக்கும்போது 'நாங்கள்'. பாதிரியாரை அனுப்பியது 'சில பெண்கள்'. சுண்ணாம்பு தூவியது 'நான்கு ஆண்கள்'. அறைக் கதவை உடைக்கக் காத்திருந்தது 'அவர்கள்'. கை அழுக்காகும் இடங்களிலெல்லாம் குரல் நைசாக நழுவிவிடுகிறது. பூட்டிய அறைக்குள் போனதும் மறுபடி 'நாங்கள்' வந்துவிடுகிறது: நாங்கள் வெகுநேரம் நின்று பார்த்தோம், எங்களில் ஒருவர் தலையணையிலிருந்து எதையோ எடுத்தார். பார்ப்பதில் எப்போதும் பங்கு உண்டு.

எனக்குக் கதையிலேயே கொடுமையான வரி, விஷம் வாங்கிய செய்தி பரவிய மறுநாள் வருவது. அவள் தற்கொலை செய்துகொள்ளப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், அதுவே நல்லது என்றும் சொன்னோம். எவ்வளவு சாதாரணமாக வருகிறது பாருங்கள். தடுக்க ஒருவரும் போகவில்லை.

ஐந்தாம் பகுதியில் இன்னொரு வரி இருக்கிறது. மாடியில் நாற்பது ஆண்டாக யாரும் பார்க்காத ஓர் அறை இருப்பதும், அதை உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்பதும் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறது குரல். அவளை முறையாக அடக்கம் செய்யும்வரை காத்திருந்துவிட்டுத் திறந்தார்களாம். எப்படித் தெரியும்? பத்து ஆண்டாக அந்த வீட்டுக்குள் வேலைக்காரனைத் தவிர யாரும் போகவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லியாயிற்று. அந்த நாற்பது எங்கிருந்து வந்தது? எழுபத்து நான்கிலிருந்து நாற்பதைக் கழித்தால் முப்பது சொச்சம், அதாவது ஹோமர் சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனபோது எமிலிக்கு இருந்த வயது. ஊர் கணக்கு வைத்திருந்திருக்கிறது. விஷம் மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். வெள்ளிச் சாமான் நகைக்கடைக்காரருக்குத் தெரியும். ஹோமர் உள்ளே போனது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நாற்றம் எல்லோருக்கும் தெரியும். இவற்றைக் கூட்டத்தான் யாருக்கும் மனமில்லை. ஊருக்கு உண்மையிலேயே தெரியாது, கதவு திறந்தபோது அவர்களும் நம்மோடு சேர்ந்து அதிர்ந்தார்கள் என்று வாசிப்பவர்களும் உண்டு. அந்த வாசிப்பை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த நாற்பதுதான்.

மனமில்லாததற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் தோற்றன. அடிமை உழைப்பில் வாழ்ந்த நிலக்கிழார் வர்க்கம் சொத்தை இழந்தது, பெருமையை இழக்க மறுத்தது. எமிலி அந்தப் பெருமையின் கடைசிச் சின்னம். அவளை ஊர் ஒரு மரபாக, கடமையாக, பரம்பரைப் பொறுப்பாக நினைக்கிறது. அவள் சாவை ஒரு நினைவுச்சின்னம் சாய்ந்தது போலத்தான் ஆண்கள் பார்க்கிறார்கள். நினைவுச்சின்னத்தைக் கொலை வழக்கில் நிறுத்த முடியுமா? செத்தவனோ வடக்கிலிருந்து வந்த கூலிக்காரன், அவனைத் தேட ஆளில்லை. இந்தக் கதையில் கொலையைப் பற்றி விசாரிக்கப் போலீஸ் என்று ஒருவர்கூட வருவதில்லை. வரி வாங்கத்தான் தூதுக்குழு வருகிறது.

சரி, கோதிக். எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய அஷர் வீட்டுக் கதையை எடுத்துக்கொண்டால் சாமான்கள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன: சிதையும் மாளிகை, முடிவுக்கு வரும் வம்சம், பரம்பரைப் பைத்தியம், சரியாகப் புதைபடாத உடல். ஃபாக்னர் இவை அத்தனையையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். எமிலியின் பாட்டி உறவில் ஒருத்திக்கு முழுப் பைத்தியம் என்பதுவரை. மாற்றியது இடத்தை. போவின் மாளிகை ஆளரவமற்ற ஏரிக்கரையில் தனியாக நிற்கிறது. குதிரையேறித்தான் போக வேண்டும். எமிலியின் வீடு ஊரின் முக்கியத் தெருவில், பெட்ரோல் பம்புக்கும் பஞ்சு வண்டிக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு காலத்தில் வெள்ளையடித்த மர வீடு, 1870களின் பாணியில் கோபுரமும் சுருள் வேலைப்பாட்டு மாடமும் வைத்தது. தினமும் ஊரே அதைக் கடந்து போகிறது. பயங்கரம் தொலைவிலிருந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டதுதான் தென்மாநிலக் கோதிக்கின் பெரிய மாற்றம் என்பேன். பேய் தேவைப்படவில்லை, ஏனென்றால் செத்துப்போன காலமே நடமாடுகிறது.

எமிலி செய்வதும் அடிப்படையில் ஒரே காரியம்தான்: செத்தவரை விட மறுப்பது. அப்பா விஷயத்தில் மூன்று நாள் தாக்குப்பிடித்தாள், ஊர் பறித்துக்கொண்டது. வரி கேட்டு வந்த நகரசபைக்காரர்களிடம், "ஜெஃபர்சனில் எனக்கு வரி கிடையாது, கர்னல் சார்ட்டோரிஸைப் பாருங்கள்" என்கிறாள். கர்னல் செத்து ஏறத்தாழப் பத்து ஆண்டாகிவிட்டது. அவர்கள் வாயடைத்துத் திரும்பிப் போகிறார்கள். ஹோமர் விஷயத்தில் முழு வெற்றி. அந்த வரிக் காட்சியில் அவள் தோற்றத்தை ஃபாக்னர் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள்: அசையாத தண்ணீரில் நெடுநாள் கிடந்த உடல் போல ஊதி வெளுத்திருக்கிறாள். அவள் கழுத்துச் சங்கிலி இடுப்புவாருக்குள் மறைகிறது, அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத கடிகாரம் டிக் டிக் என்று ஓடுவது அந்த அமைதியில் வந்தவர்களுக்குக் கேட்கிறது. முதல் வாசிப்பில் வெறும் வர்ணனையாகக் கடந்துபோகிறோம்.

காலம் பற்றிய கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. கதைசொல்லி தரும் ஆண்டுக் கணக்கே ஒன்றோடொன்று பொருந்தாது. விஷம் வாங்கும்போது அவளுக்கு முப்பதுக்கு மேல். வரிக்காரர்கள் வந்தது நாற்றத்துக்கு முப்பது ஆண்டு பின்னால், அப்படியானால் அறுபதுக்கு மேல். பீங்கானில் ஓவியம் தீட்டச் சொல்லிக்கொடுத்த வகுப்பு நாற்பது வயதை ஒட்டி ஆறேழு ஆண்டு நடந்தது, அப்படியென்றால் நாற்பத்தைந்து சொச்சத்தில் முடிந்திருக்கும். ஆனால் வகுப்பு நின்று எட்டுப் பத்து ஆண்டான பிறகு வரிக்காரர்கள் வந்ததாகச் சொல்கிறான். கூட்டிப் பார்த்தால் இடிக்கிறது. இந்தக் கதைக்குக் காலவரிசை போட்டுக் கட்டுரை எழுதிய ஆய்வாளர்கள் பலர். ஒருவர் போட்டது மற்றவரோடு ஒத்துவராது. தேர்வுக்காக ஒரு காலக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் அதில் விழுந்து கிடக்காதீர்கள். 1894 என்ற ஒரே ஓர் ஆண்டுதான் கதையில் எண்ணாகவே வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அது பிறப்புமில்லை, சாவுமில்லை, கொலையுமில்லை, வரி விலக்கு. தன் பெருந்தன்மை மட்டும் ஊருக்குத் தேதியோடு நினைவிருக்கிறது. அடக்கத்துக்கு வந்த கிழவர்கள், சிலர் தென்மாநிலப் படைச் சீருடையைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, எமிலி தங்கள் வயதுக்காரி போலவும் அவளோடு நடனமாடியது போலவும் பேசிக்கொள்கிறார்கள். காலத்தைக் கலைக்கும் வியாதி எமிலிக்கு மட்டும் வந்ததில்லை.

டோபைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. எமிலியின் கறுப்பின வேலையாள். தோட்டமும் சமையலும் அவன் பொறுப்பு. ஹோமருக்குக் கதவு திறந்துவிட்டவன் அவன்தான். அவனுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் நடந்திருக்க முடியாது. எமிலிக்கு வரி விலக்கு கொடுத்த அதே கர்னல்தான், கறுப்பினப் பெண்கள் ஏப்ரன் கட்டாமல் தெருவில் நடமாடக் கூடாது என்று உத்தரவு போட்டவர். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. கதைசொல்லிக்கு அதில் உறுத்தல் ஏதுமில்லை. டோப் யாரோடும் பேசுவதில்லை, அவன் குரல் பேசாமலே துருப்பிடித்துவிட்டது என்கிறது ஊர். எமிலி செத்ததும் வந்த பெண்களுக்கு முன்கதவைத் திறந்துவிட்டு, வீட்டுக்குள் நேராக நடந்து பின்கதவு வழியாக வெளியேறுகிறான். பிறகு ஆள் தென்படவே இல்லை. 'நாங்கள்' என்பதில் அவன் சேர்த்தி இல்லை. ஊருக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்த ஒரே ஆள் அவன்; அவன் சொன்னால் ஊர் கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம். அமெரிக்கக் கோதிக் என்றால் இன அடிமைத்தனத்தின் நிழலும் சேர்த்துத்தான் என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்தக் கதையில் அதற்குப் பெரிய ஆதாரம் டோப்தான்.

ஹோமர் ஆண்களை விரும்பியதாகவும் கல்யாணம் செய்துகொள்ளும் ரகம் இல்லை என்று அவனே சொன்னதாகவும் ஒரு வரி வருகிறதே, அதை வைத்து அவன் ஒருபாலீர்ப்பாளன், அதுதான் கொலைக்குக் காரணம் என்று சிலர் விளக்குவார்கள். ஒரு வம்புக்கார ஊரின் வாயிலிருந்து வரும் அரை வாக்கியத்தின்மேல் அவ்வளவு பெரிய வீடு கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. கல்யாணம் நடக்காது என்பது மட்டும் உறுதி, கொலைக்கு அதுவே போதும்.

எமிலிக்குப் பைத்தியமா? ஊர் அந்தச் சொல்லை வசதிக்கு ஏற்பப் பயன்படுத்துகிறது. அப்பா செத்தபோது அவளைப் பைத்தியம் என்று நாங்கள் சொல்லவில்லை, அவளிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தவரையே அவள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்கிறது. கதையிலேயே அறிவார்ந்த வாக்கியம் அதுதான். அதே அறிவை ஹோமர் விஷயத்துக்கும் நீட்டினால் பதில் கிடைத்துவிடும். குதிரைச் சாட்டையோடு வாசலை மறித்து நிற்கும் அப்பா, பின்னால் வெள்ளை உடையில் மெலிந்த எமிலி, இப்படித்தான் ஊர் அவர்களை ஒரு படமாக மனத்தில் வைத்திருக்கிறது. அவள் கற்றுக்கொண்ட அன்பு அந்தப் படத்தில் இருப்பதுதான்: போகவிடாமல் வைத்துக்கொள்வது.

தலைப்பில் இருக்கும் ரோஜா கதைக்குள் எங்கும் பூவாக வராது. அந்த மேல்மாடி அறையின் திரைச்சீலை நிறமாகவும் விளக்கு மறைப்பின் நிறமாகவும் மட்டும் வரும். 1955இல் ஜப்பானில் நாகானோவுக்குப் போயிருந்தபோது இதைப் பற்றிக் கேட்டதற்கு ஃபாக்னர் சொன்ன பதில் எளிமையானது: அந்தப் பாவப்பட்ட பெண்ணுக்கு வாழ்க்கையே கிடைக்கவில்லை, அவளுக்காக இரக்கப்பட்டேன், இது ஒரு மரியாதை, ஒரு பெண்ணுக்கு ரோஜா கொடுப்பதைப் போல. எழுத்தாளர் சொல்லிவிட்டார் என்பதற்காக அதோடு நிறுத்த வேண்டியதில்லை; ஆனால் கொடுப்பவர் யார் என்பது இதில் தெளிவாகிறது. கதைசொல்லும் ஊர் இந்த ரோஜாவைக் கொடுக்கவில்லை, அந்த ஊரை உருவாக்கியவர் கொடுக்கிறார். கதைசொல்லியும் ஃபாக்னரும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகின்றன.

உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை. 1930 ஏப்ரல் மாத 'ஃபோரம்' இதழில் இந்தக் கதை முதலில் வந்தது, தேசிய அளவிலான பத்திரிகையில் ஃபாக்னரின் முதல் சிறுகதை என்பதையெல்லாம் ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் கடைசியில் கிடைக்கும் அந்த நீண்ட நரைமுடியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள். நீங்கள் எழுத வேண்டாம். அது எப்படி முன்கூட்டியே நடப்பட்டது என்று எழுதுங்கள். எமிலியின் முடி நரைத்து இரும்பு நிறத்துக்கு மாறியதும் சாகும்வரை அப்படியே நின்றதும் நான்காம் பகுதியில், ஹோமர் மறைந்த அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. அது ஹோமர் செத்த பிறகு வந்த நிறம், ஆகவே அந்த மயிரிழை எப்போது தலையணையில் விழுந்திருக்கும் என்பதற்கு ஊர் கொடுக்கும் சாட்சியம் அந்தப் பத்திதான். இரண்டாம் பகுதியின் சுண்ணாம்புக் காட்சியையும் இந்தப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.